பொம்மை பேசட்டும்: குழந்தைகளுக்கான சிகிச்சையில் கைப்பொம்மைகளைக் கையாளும் முறை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கான ஆலோசனைப் பணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்கிறார்: நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். நேராகக் கேட்டால் "தெரியல", "ஒண்ணுமில்ல" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. கைப்பொம்மைகள் வாங்கி வைத்தாயிற்று. சிலர் தொடவே மறுக்கிறார்கள், சிலர் பொம்மையை வைத்து அடிதடியில் இறங்குகிறார்கள். எத்தனை பொம்மை, எந்த மாதிரி வேண்டும்? எப்படித் தொடங்குவது? பொம்மை சொன்னதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது?

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பிள்ளையின் வாயைக் கிளறி விஷயத்தை வாங்குவதற்காகப் பொம்மையை வைப்பதில்லை. பிள்ளை ஒளிந்துகொண்டு பேச ஒரு மறைவிடம் வேண்டும், அதற்காகத்தான் வைக்கிறோம். "எனக்கு அப்பாவைக் கண்டா பயம்" என்று சொல்ல வராத குழந்தை, "பெரிய கரடி வந்தா குட்டிக் கரடி கட்டிலுக்கு அடியில போயிடும்" என்று சொல்லும். சொன்னது குட்டிக் கரடி. திட்டு விழுந்தாலும் அதற்குத்தான் விழும். இந்த மறைவு இருக்கும் வரை குழந்தை பேசும். அதைக் கலைப்பது பெரும்பாலும் குழந்தை அல்ல, ஆர்வம் தாங்காத பெரியவர்தான். "அந்தக் குட்டிக் கரடி நீதானே?" என்று ஒரே ஒரு கேள்வி போதும், பொம்மை கூடைக்குத் திரும்பிவிடும். சில சமயம் அந்த அமர்வோடு விஷயமே முடிந்துபோகும்.

இந்த முறை புதிதல்ல. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் 1930களில் மனநல மருத்துவர் லொரெட்டா பெண்டரும் அவரோடு வேலை செய்த அடால்ஃப் வோல்ட்மனும் குழந்தைகள் பிரிவில் பொம்மலாட்டம் நடத்தினார்கள், 1936இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார்கள். காஸ்பர் என்ற கதாநாயகப் பொம்மை சிக்கலில் மாட்டிக்கொள்ளும், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கத்திக் கத்தி யோசனை சொல்வார்கள், பிறகு அதையொட்டிப் பேச்சு நடக்கும். பின்னால் 1970களில் நாடகச் சிகிச்சையாளர் எலினார் இர்வின் போன்றவர்கள் பொம்மையைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து, அதை ஆட்டக்காரராக்கி, ஆட்டம் முடிந்ததும் பேட்டி காணும் முறையை வகுத்தார்கள். இரண்டும் இன்றைக்கும் உதவும். ஒடுங்கிப்போய் வரும் குழந்தைக்குப் பெரியவர் ஆட்டிக்காட்டுவதில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அதற்குப் பார்வையாளராக இருக்கும் உரிமை வேண்டும். துறுதுறுவென்று வருகிற பிள்ளையிடம் கூடையை நீட்டிவிட்டு ஒதுங்கினால் போதும்.

பொம்மைகளின் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். அழகான, சிரித்த முகமுள்ள பொம்மைகளாகவே பத்து வாங்கினால் குழந்தைக்குக் கோபப்பட ஆளில்லை, பயமுறுத்த ஆளில்லை. குழந்தை தானாகத் தேர்ந்தெடுக்கும் அறை என்றால் பதினைந்திலிருந்து இருபது வரை இருக்கலாம். பையில் போட்டு எடுத்துப்போகிறவருக்கு ஆறு அல்லது எட்டு போதும். எண்ணிக்கையைவிட வகை முக்கியம். கடிக்கிற ஜாதி ஒன்றாவது கட்டாயம்: முதலை, ஓநாய், சுறா, எதுவானாலும். சாதுவானது ஒன்று. ஒளிந்துகொள்ளக்கூடியது ஒன்று. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் ஆமை இதற்கு அருமையாகப் பொருந்தும், ஆமை இல்லாத கூடையைப் பாதிக் கூடை என்பேன். ஒரே விலங்கில் பெரிதும் சிறிதுமாக ஒரு ஜோடி இருந்தால் தாய்-பிள்ளை, அண்ணன்-தம்பி கதைகள் தாமாக வந்து அமரும். மனிதப் பொம்மைகளில் ஒரு குடும்பம், வெவ்வேறு தோல் நிறங்களில். மருத்துவர், காவலர், ஆசிரியர் போல அதிகாரமுள்ளவர் ஒருவர், சூனியக்காரியோ அரசனோ போலக் கற்பனை உலகத்து ஆள் ஒருவர். கூடவே நல்லதா கெட்டதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றிரண்டு. நாய் அந்த வகை. ஒரு குழந்தையிடம் அது காவல் காக்கும், அடுத்ததிடம் கடிக்கும்.

தொலைக்காட்சியில் வரும் பிரபலக் கதாபாத்திரங்களைத் தவிர்க்கலாம். அவை தங்கள் கதையோடு வருகின்றன. குழந்தை நேற்றுப் பார்த்த தொடரை அப்படியே ஒப்பிக்கும், உங்களுக்கு அதன் மனம் தெரியாது. ஆனால் குழந்தையே வீட்டிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் மறுக்க வேண்டாம், அதற்கு அதில் ஏதோ இருக்கிறது.

கைப்பொம்மையிலேயே இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். உறை மாதிரி மாட்டிக்கொள்வது ஒன்று: ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டை விரலும் நடுவிரலும் இரண்டு கைகளுக்குள். இது கட்டிப்பிடிக்கும், அடிக்கும், பொருளைத் தூக்கும், முகத்தை மூடிக்கொள்ளும். ஆனால் வாய் அசையாது. இரண்டாவது, வாய் திறந்து மூடுவது: நாலு விரல் மேல் தாடையில், கட்டை விரல் கீழ்த் தாடையில். இது பேசும், கடிக்கும், விழுங்கும். உணர்ச்சியைச் செயலாகக் காட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் வகையும், பேச்சு வரவேண்டிய இடத்தில் இரண்டாவது வகையும் நன்றாக வேலை செய்கின்றன. நூல் கட்டி ஆட்டும் பொம்மைகள் சிகிச்சை அறைக்கு ஒத்துவராது. நூல் சிக்கிக்கொள்ளும், குழந்தை கதையை விட்டுவிட்டுச் சிக்கெடுக்க உட்கார்ந்துவிடும். விரல் பொம்மைகள் மலிவு, எடுத்துப்போக வசதி, ஆனால் சின்னதாக இருப்பதால் அவற்றுக்குள் கோபத்தை ஏற்ற முடிவதில்லை. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் வாயில் போட்டு விழுங்கிவிடும் அபாயமும் உண்டு. அதே காரணத்துக்காகவே பொத்தான் கண் வைத்த பொம்மைகளை வாங்காமல் நூலால் பின்னிய கண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்குமுன் கையை விட்டுப் பாருங்கள், உங்கள் கையை அல்ல, ஐந்து வயதுப் பிள்ளையின் கையை. பெரியவர் கைக்கென்று தைத்த பொம்மையில் குழந்தையின் விரல் தாடையை எட்டாது, வாய் தொங்கிப்போகும், இரண்டு நிமிடத்தில் அது கீழே கிடக்கும்.

பொம்மைகளைக் குவித்து வைக்காதீர்கள். முகம் வெளியே தெரிகிற மாதிரி அகலமான கூடையில், அல்லது குழந்தையின் மார்பு உயரத்துக்கு மேல் போகாத அலமாரியில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் அதே இடத்தில் அதே பொம்மை இருக்க வேண்டும். போன வாரம் விட்டுப்போன ஓநாய் இன்றைக்குக் காணவில்லை என்றால் குழந்தைக்கு அது சின்ன விஷயம் அல்ல. அதனாலேயே அதிகம் புழங்கும் பொம்மையில் இன்னொரு பிரதி வாங்கி உள்ளே வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். முதல் சந்திப்பில் பொம்மையைக் குழந்தையின் முகத்துக்கு நேரே நீட்டி "ஹலோ!" என்று கத்துவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கூச்சமுள்ள பிள்ளைக்கும், மூன்று வயதை ஒட்டிய பிள்ளைக்கும் திடீரென்று உயிர் பெற்ற துணி பயத்தைத்தான் கொடுக்கும். குறைந்தது கை எட்டாத தூரத்தில் இருங்கள். பொம்மையைக் குழந்தையைப் பார்க்காமல் உங்கள் பக்கமே திருப்பி வையுங்கள். பொம்மையே வெட்கப்படட்டும். உங்கள் தோளில் முகம் புதைக்கட்டும், காதில் ஏதோ கிசுகிசுக்கட்டும். நீங்கள் அதனிடம் தணிந்த குரலில், "புது இடம்னா உனக்கு ஒரு மாதிரி இருக்கும், இல்ல? பரவால்ல, பேச வேண்டாம், சும்மா பார்த்துக்கிட்டு இரு" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தைகள் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். குழந்தை எட்டிப் பார்க்கத் தொடங்கும் வரை காத்திருங்கள். முதல் அமர்வு முழுக்க இப்படியே போனாலும் நட்டமில்லை.

குரல் மாற்ற வராது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. வாய் அசையாமல் பேசும் வித்தை எதுவும் தேவையில்லை. உங்கள் வாய் அசைவது குழந்தைக்குத் தெரியும், அதற்கு அது பொருட்டே இல்லை. கொஞ்சம் மெதுவாகவோ, கொஞ்சம் வேகமாகவோ பேசினால் போதும், ஆனால் ஒரு பொம்மைக்குக் கொடுத்த பேச்சு கடைசி வரை மாறக்கூடாது. வாய்ப்பொம்மையில் பேசும்போது மேல் விரல்களைத் தூக்காமல் கட்டை விரலைக் கீழே இறக்குங்கள். மேல் தாடையைத் தூக்கினால் பொம்மை கூரையைப் பார்த்துப் பேசும். எல்லாவற்றையும்விட முக்கியம் உங்கள் கண். பொம்மை பேசும்போது பொம்மையைப் பாருங்கள். குழந்தை கையிலிருக்கும் பொம்மை பேசினால் அந்தப் பொம்மையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், குழந்தையின் முகத்தைப் பார்க்காதீர்கள். பழக்கத்தில் கண் குழந்தையின் பக்கம்தான் ஓடும். அந்த ஒரு பார்வை, "நீதான் பேசுறேன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடும். ஓரக்கண்ணால் குழந்தையின் தோள், மூச்சு, கை இறுக்கம் இவற்றைக் கவனித்தால் போதும்.

அமர்வு நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நிமிடம் என்றால் பொம்மை ஆட்டம் அதில் பத்து முதல் இருபது நிமிடம். இர்வின் வகுத்த பேட்டி முறையில் முதலில் தேர்வு: கூடையிலிருந்து பிடித்ததை எடுக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். எதை எடுத்தது என்பதோடு, எதை எடுத்துப் பார்த்துச் சட்டென்று திருப்பிப் போட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடுத்த பொம்மைகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தச் சொல்லலாம்: பேர் என்ன, எங்கே இருக்கிறது, எதில் கெட்டி, எதுக்குப் பயம். இது கைக்கும் வாய்க்கும் சூடேற்றுகிற வேலை. பிறகு ஆட்டம். ஒரு மேசையைக் கவிழ்த்தோ, இரண்டு நாற்காலிக்கு நடுவே துணி கட்டியோ மறைப்பு வைத்தால் பல பிள்ளைகளுக்கு வாய் தாராளமாகத் திறக்கும். ஆட்டம் முடிந்ததும் முதலில் பொம்மைகளிடம் பேட்டி, அதன் பிறகே ஆட்டக்காரரிடம். ஆட்டக்காரரிடம் கேட்கிறபோதும் கதையைப் பற்றியே கேளுங்கள்: இந்தக் கதைக்கு என்ன தலைப்பு வைக்கலாம், யாராக ஆடப் பிடித்தது, யாராக ஆடவே பிடிக்காது, இன்னொரு தடவை ஆடினால் எதை மாற்றுவாய். குழந்தை தானாக "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று சொன்னால் அப்போது வீட்டைப் பற்றிப் பேசலாம். வாசலைத் திறக்கிற உரிமை அதனுடையது.

ஆட்டத்துக்குள் நீங்களும் இழுக்கப்படுவீர்கள். "நீ முயல், நான் ஓநாய்" என்று கையில் முயலைத் திணிப்பார்கள். முயல் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே கற்பனை செய்தால் கதை உங்களுடையதாகிவிடும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: கதையை ஒரு நொடி நிறுத்தி, கிசுகிசுக் குரலில் குழந்தையிடமே கேட்பது. அந்த இடம் இப்படி இருக்கும்:

ஓநாய் (குழந்தை): "கதவைத் திற! இல்லன்னா உடைச்சிடுவேன்!"
சிகிச்சையாளர் (கிசுகிசுப்பாக): "இப்ப முயல் என்ன செய்யணும்?"
குழந்தை (அதே கிசுகிசுப்பில்): "தூங்குற மாதிரி நடிக்கணும். சத்தமே வரக்கூடாது."
சிகிச்சையாளர் (முயலைச் சுருட்டிப் படுக்க வைத்து, முயல் குரலில்): "நான் தூங்கிட்டேன்... எனக்கு ஒண்ணும் கேக்கல..."
சிகிச்சையாளர் (தன் குரலில், முயலைப் பார்த்து): "தூங்கற மாதிரி இருக்கு. ஆனா உள்ள நெஞ்சு படபடன்னு அடிக்குது போல."
குழந்தை: "ஆமா. அது தினமும் அப்படித்தான் படுத்திருக்கும்."

இந்த ஆறு வரியில் "ஏன்" என்ற கேள்வி ஒன்றுகூட இல்லை. குழந்தை சொன்ன செயலை அப்படியே செய்து, அதற்குள் இருக்கும் உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்து, அதையும் "போல" என்று தளர்வாகச் சொல்லியிருக்கிறார். தப்பாக ஊகித்திருந்தால் குழந்தை "இல்ல, அதுக்குக் கோவம்" என்று திருத்தும். அந்தத் திருத்தம் நமக்கு லாபம். "தினமும்" என்ற சொல் விழுந்ததும் பாய்ந்து "உங்க வீட்ல யாரு கதவைத் தட்டுறாங்க?" என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது. "தினமும் இப்படிப் படுத்திருக்கிறது கஷ்டமான வேலைதான்" என்று முயலிடம் சொல்லலாம். முயலுக்கு உதவ யாராவது வருவார்களா என்று கிசுகிசுக்கலாம். வருவார் யாரும் இல்லை என்று குழந்தை சொன்னால், அதுவும் குறிப்பேட்டில் எழுத வேண்டிய பதில்.

உணர்ச்சிப் பெயர்களை அள்ளிக் கொட்ட வேண்டாம். நாலு வயதில் சந்தோஷம், கோபம், பயம், அழுகை இந்த நாலும் போதும். ஆறேழு வயதில் வெட்கம், பொறாமை, ஏமாற்றம், எதிரெதிரான இரண்டு உணர்ச்சி கலந்த நிலை ("அம்மா வந்தா பிடிக்கும், வந்தா பயமாவும் இருக்கும்") சேர்க்கலாம். இரண்டும் கலந்த நிலையைக் காட்ட ஒரு கைக்கு ஒரு பொம்மை: வலது கை போக வேண்டும் என்கிறது, இடது கை வேண்டாம் என்கிறது. பேச்சில் மணிக்கணக்காக விளக்கினாலும் பிடிபடாதது இதில் சட்டென்று பிடிபடும். உணர்ச்சி உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பொம்மையைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். வயிற்றைக் காட்டும் பிள்ளை அநேகமாக வீட்டிலும் வயிற்றுவலி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

குழந்தையின் நிலையைக் கேட்டறிய வேண்டிய கட்டாயம் இருந்தால், கேள்வியைப் பொம்மையின் வாயில் போடுவதற்கு ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. 1990களில் உளவியலாளர்கள் ஜெஃப்ரி மீசெலும் ஜெனிஃபர் ஆப்லோவும் உருவாக்கிய பெர்க்லி பப்பட் இன்டர்வியூ நாலு வயதிலிருந்து ஏழெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. இக்கி, ஸிக்கி என்று ஒரே மாதிரி இரண்டு நாய்க்குட்டிப் பொம்மைகள். ஒன்று, "எனக்கு ஃபிரண்ட்ஸ் நிறைய" என்று சொல்லும். மற்றது, "எனக்கு ஃபிரண்ட்ஸ் நிறைய இல்ல" என்று சொல்லும். பிறகு "உனக்கு எப்படி?" என்ற கேள்வி. இரண்டில் எது சரி என்ற அடையாளம் இல்லாததால், பெரியவருக்குப் பிடித்த பதிலைத் தேடும் வேலை குழந்தைக்கு இல்லை. முழு முறையில் பதில்களைப் படம் பிடித்து ஏழு புள்ளி அளவில் மதிப்பிடுவார்கள், அதற்குப் பயிற்சி தேவை. ஆனால் அதன் அடிப்படையை யாரும் எடுத்துக்கொள்ளலாம்: இரண்டு பொம்மையும் ஒரே மாதிரி இருக்கட்டும், இரண்டும் ஒரே தொனியில் பேசட்டும், நல்ல பக்கத்தை எப்போதும் ஒரே பொம்மை சொல்லாமல் மாறி மாறி வரட்டும். இரண்டாவது பொம்மை சொல்லும்போது குரலில் சோகம் ஏறிவிட்டால் முழு வேலையும் வீண். குழந்தை சந்தோஷமான நாயின் பக்கமே சாயும்.

சில குறிப்பிட்ட சிக்கல்களுக்குப் பொம்மையைக் கற்றுக்கொடுக்கும் ஆளாகவும் பயன்படுத்துவார்கள். உளவியலாளர் சூசன் நெல் எழுதிய அறிவுசார் நடத்தை விளையாட்டுச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் விளையாட்டு வழியே மாற்றிப் பழக்கும் முறை) இந்த வழியில் போகிறது. குழந்தைக்கு இருட்டுப் பயம் என்றால் பொம்மைக்கும் இருட்டுப் பயம். இங்கே ஒரு நுட்பம்: பொம்மை ஒரே மூச்சில் தைரியசாலி ஆகிவிடக் கூடாது. அது தடுமாற வேண்டும், "முடியாது போல இருக்கே" என்று முனக வேண்டும், பிறகு தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொண்டு ஒரு அடி எடுத்துவைக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஜெயிக்கும் பொம்மையைப் பார்த்தால் குழந்தைக்குத் தான்தான் கோழை என்று தோன்றும். இன்னொன்று, 1970களில் கோபக்காரப் பிள்ளைகளுக்காக வகுத்த ஆமை முறை: கோபம் வந்ததும் நிறுத்து, கையையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொள், மெதுவாக மூன்று மூச்சு விடு, வேறு என்ன செய்யலாம் என்று யோசி, பிறகு வெளியே வா. ஆமைப் பொம்மை செய்து காட்ட, குழந்தை ஆமைக்கே மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். தானே வாத்தியாராகும்போதுதான் அது பிள்ளைக்குப் படிகிறது. கோபமாக இருக்கும் நேரத்தில் இதைக் கற்றுத்தர முயன்றால் ஆமை பறக்கும். அமைதியான நாளில் பழக்க வேண்டும்.

மருத்துவமனைகளில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. இதயத்தில் குழாய் செலுத்திச் செய்யும் பரிசோதனைக்கு வந்த குழந்தைகளுக்கு முன்கூட்டியே பொம்மைகளால் நடித்துக் காட்டியபோது, பரிசோதனையின்போது அவர்களுடைய கலக்கம் குறைந்திருந்தது என்று சில்வியா கேசல் 1965இல் எழுதினார். இன்றும் ஊசி, அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு இதே வழிதான்: முதலில் பொம்மை நோயாளி, நீங்கள் மருத்துவர். அடுத்து குழந்தை மருத்துவர். பொய் மட்டும் வேண்டாம். பொம்மைக்கு வலிக்கவே இல்லை என்று காட்டிவிட்டு நிஜத்தில் வலித்தால், அதற்குப் பிறகு அந்தப் பொம்மை சொல்வது எதுவும் எடுபடாது.

இப்போது அடிதடி. முதலை ஓநாயைக் கடிப்பது, ஓநாய் மருத்துவரை விழுங்குவது, இதெல்லாம் வேலையின் ஒரு பகுதி, தடுக்க வேண்டாம். முதலை உங்கள் மூக்கைக் கடிக்க வந்தால் எல்லை போடுங்கள், மூன்று துண்டாக, முதலையிடமே: "முதலைக்கு என் மேல பயங்கரக் கோபம். என்னைக் கடிக்கக் கூடாது. அந்தத் தலையணையை எவ்வளவு வேணா கடிச்சுக்கலாம்." உணர்ச்சியை ஒப்புக்கொண்டு, எல்லையைச் சொல்லி, மாற்று வழி காட்டுகிற இந்த வரிசை கேரி லேண்ட்ரெத் விளையாட்டுச் சிகிச்சைக்கு வகுத்தது. வரிசையை மாற்றி "கடிக்காதே!" என்று தொடங்கினால் குழந்தைக்குக் காதில் விழுவது திட்டு மட்டும்தான். மறுபடி மறுபடி எல்லை மீறினால் முதலைக்கு இன்றைக்கு ஓய்வு. முதலைக்கு மட்டும்தான், குழந்தைக்குத் தண்டனை இல்லை.

அடிதடியைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று: ஒரே காட்சி, ஒரே வசனம், ஒரே முடிவு, வாரம் தவறாமல், முகத்தில் துளி சந்தோஷமில்லாமல். 1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்குப் பின் வரும் இப்படிப்பட்ட விளையாட்டை விவரித்தார். சாதாரண விளையாட்டு திரும்பத் திரும்ப வந்தாலும் மெல்ல மெல்ல மாறும், குழந்தைக்கு ஆறுதல் தரும். இது மாறாது, ஆடி முடித்த பிறகு குழந்தை முன்னைவிடக் கலங்கியிருக்கும். அப்போது வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது போதாது. காட்சியை நிறுத்த வேண்டாம், ஆனால் ஒரு சின்ன மாற்றத்தை உள்ளே நுழையுங்கள்: கதவுக்கு வெளியே நாய் ஒன்று வந்து நிற்கிறது, "நான் உள்ள வரலாமா?" என்று கேட்கிறது. குழந்தை வேண்டாம் என்றால் நாய் வெளியிலேயே நிற்கட்டும், அடுத்த வாரமும் நிற்கட்டும். மூச்சு வேகமாகி, கண் எங்கோ நிலைகுத்தினால் கதையை விட்டுவிட்டுக் காலைத் தரையில் அழுத்துவது, தண்ணீர் குடிப்பது என்று அறைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆட்டத்தின் நடுவில் குழந்தை சட்டென்று பொம்மையைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டப் போவதும் ஒரு செய்திதான். உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் இதை விளையாட்டு முறிவு என்றார். எந்த வசனத்துக்குப் பிறகு முறிந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, துரத்தாமல் விட்டுவிடுங்கள்.

பொம்மை சொன்னதை எவ்வளவு நம்புவது என்ற கேள்விக்கு வருகிறேன். உணர்ச்சியைப் பொறுத்தவரை நிறைய நம்பலாம், நடந்த நிகழ்ச்சியைப் பொறுத்தவரை அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஓநாய் குட்டியைத் தின்றது என்பதால் வீட்டில் யாரோ வதைக்கிறார்கள் என்று பொருளல்ல. முதலையை எடுப்பதற்கு அதன் வாய் திறப்பது வேடிக்கையாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாமலும் இருக்கலாம். ஒரு அமர்வில் ஒரு காட்சி வந்தால் அது காட்சி. மூன்று நாலு அமர்வுகளில் வெவ்வேறு பொம்மைகளை வைத்து அதே கரு வந்தால், அப்போது யோசிக்கலாம். இன்னொரு தடையும் இருக்கிறது: ஒரு பொருளைப் பொருளாகவும் வேறொன்றின் அடையாளமாகவும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருப்பது சின்ன வயதில் கடினம் என்பதை உளவியலாளர் ஜூடி டிலோச் ஆய்வுகளால் காட்டினார். பொம்மையைத் தன் உடம்பாக வைத்து நடந்ததைக் காட்டச் சொன்னபோது இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைகள் தடுமாறின. ஆகவே அந்த வயதில் "பொம்மையில் காட்டு, எங்கே தொட்டாங்க?" என்று கேட்பது தகவல் தராது, குழப்பத்தைத்தான் தரும்.

இதில்தான் தயவுதாட்சண்யம் இல்லாத ஒரு விதி தேவை. குழந்தை, பொம்மையின் வாயாலோ தன் வாயாலோ, தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால் பொம்மையை வைத்து விசாரணை நடத்தக் கூடாது. கற்பனை விளையாட்டுக்கான பொருள் கையில் இருக்கும்போது எது நடந்தது, எது கதை என்ற கோடு மங்கும். நீங்கள் போட்ட வழிகாட்டும் கேள்வி ஒன்று பின்னால் குழந்தையின் வாக்குமூலத்தையே பலவீனமாக்கிவிடலாம். அமைதியாகக் கேளுங்கள், "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். குழந்தையின் சொற்களை அப்படியே, நீங்கள் முன்னே சொன்ன வாக்கியத்தையும் சேர்த்து, அன்றைக்கே எழுதி வையுங்கள். உங்கள் நாட்டுச் சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டுமோ அவர்களிடம் தெரிவியுங்கள். விசாரணைப் பேட்டி அதற்கென்று பயிற்சி பெற்றவரின் வேலை.

சாதாரண அமர்வின் குறிப்பும் கிட்டத்தட்ட அதே கட்டுப்பாட்டோடு இருக்கட்டும். "கோபத்தை வெளிப்படுத்தினான்" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்துப் படிக்கிறபோது ஒன்றும் கிடைக்காது. "ஓநாய், முயலிடம்: நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்" என்று எழுதினால் கிடைக்கும்.

அமர்வு முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஆட்டத்தை இறக்க வேண்டும். வேடத்திலேயே குழந்தையை வெளியே அனுப்பினால் ஓநாய் காத்திருப்பு அறையில் தம்பியைக் கடிக்கும். ஒவ்வொரு பொம்மையாகக் கழற்றி, "ஓநாய் தூங்கப் போகுது, நீ மறுபடி நீயே" என்று கூடையில் படுக்க வைக்கச் சொல்லுங்கள். கையை உதறிவிட்டு வரட்டும். பொம்மையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்பார்கள். அறைப் பொம்மை அறையில்தான் இருக்கும் என்று அன்பாகச் சொல்லிவிடுவது நல்லது. வேண்டுமானால் ஒரு அமர்வில் காலுறையிலோ காகிதப் பையிலோ சேர்ந்து ஒன்று செய்து, அதைக் கொடுத்து அனுப்பலாம்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்குப் பொம்மை என்றாலே கூச்சம். அவர்களிடம் "விளையாடு" என்று சொல்லாமல், சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு காட்சி எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் ஆட்ட அவர்கள் இயக்குநராக இருக்கட்டும். நிழல் பாவையும் இந்த வயதுக்குப் பொருந்தும், திரை முழுசாக மறைத்துவிடுகிறது. பேசாமலே இருக்கும் பிள்ளைக்கு (வீட்டில் பேசி வெளியில் பேசாதவர்கள்) பொம்மை தலையாட்டுவதிலிருந்து தொடங்கி, சத்தம் எழுப்பி, ஒற்றைச் சொல்லுக்குப் போகும் படிகளை வையுங்கள், எந்தப் படியிலும் கைதட்டிக் கொண்டாடாதீர்கள். கவனம் தன் மேல் விழுவதுதான் அவர்களுடைய பயமே. உரோமம் உடம்பில் பட்டால் பிடிக்காத பிள்ளைகளுக்கு வழுவழுப்பான துணியில் அல்லது குச்சியில் ஒட்டிய பொம்மை வைத்துக்கொள்ளுங்கள். விரல் அசைவு கடினமாக இருப்பவர்களுக்கும் குச்சிதான் வசதி.

குடும்பத்தோடு வந்தால் எல்லோருமே ஆளுக்கொன்று எடுத்து, சேர்ந்து ஒரு கதை தயார் செய்து ஆடட்டும். கதையைவிட, கதையை யார் முடிவு செய்தார்கள், யாருடைய யோசனை காற்றில் போனது என்பதைப் பாருங்கள். பெற்றோரிடம் இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: வெளியே வந்ததும் "பொம்மை இன்னைக்கு என்ன சொல்லுச்சு?" என்று கேட்கக் கூடாது, வீட்டுப் பொம்மையை வைத்து "சாப்பிடலன்னா புலி கடிச்சிடும்" என்று மிரட்டவும் கூடாது.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைக் கேள்வியில் யாரும் கேட்பதில்லை. பொம்மை வாயில் போகும், மூக்கைத் துடைக்கும். இயந்திரத்தில் துவைக்கக்கூடியதாகவே வாங்குங்கள், சளி, காய்ச்சலோடு வந்த பிள்ளை தொட்டதை அடுத்த குழந்தை வருமுன் துவைக்கப் போட்டுவிடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகள் இருக்கும் பிரிவில் துணிப் பொம்மையைப் பொதுவில் வைக்காமல், ஒரு குழந்தைக்கு ஒன்று என்று பெயர் எழுதிக் கொடுத்துவிடுவதே பத்திரம். மாதம் ஒருமுறை தையலையும் கண்களையும் இழுத்துப் பாருங்கள். முதலையின் தாடைத் தையல்தான் எப்போதும் முதலில் பிரியும்.